முறை வைத்துப் பார்ப்பது

(சிவகங்கை மாவட்டக் கல்லூரி ஒன்றில், நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களிடையே ஓய்வுபெற்ற அரசு செவிலியர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்.)



போன வாரம் உங்கள் பேராசிரியரிடம் ஓர் உதவி கேட்டிருந்தேன். பிள்ளைகளிடம் ஆளுக்கொரு துண்டுச் சீட்டு கொடுங்கள், பெயர் போட வேண்டாம், வீட்டில் இருக்கிற வயசாளிகளைப் பற்றி மனசில் பட்டதை எழுதச் சொல்லுங்கள் என்றேன். நேற்று ராத்திரி அத்தனையையும் படித்தேன். பல சீட்டுகளில் பெற்றோரைத் தெய்வமாக மதிக்க வேண்டும், முதியோர் இல்லமே இல்லாத நாடு வேண்டும் என்று எழுதியிருந்தது. நல்ல எண்ணம்தான். ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்தது ஒரே ஒரு சீட்டு. அதில் இரண்டே வரி. 'எங்க அப்பத்தாவ எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனா அப்பத்தா படுத்திருக்கிற ரூமுக்குள்ள போகப் பிடிக்கல.'

இதை எழுதிய பிள்ளை இந்தக் கூடத்தில்தான் எங்கோ உட்கார்ந்திருக்கிறது. நீ தலை குனிய வேண்டாம் கண்ணு. நான் முப்பத்தோரு வருஷம் வார்டில் வேலை பார்த்தவள். அந்த ரூம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். காத்து பட்டால் சளி பிடிக்கும் என்று சன்னலைச் சாத்தி வைத்திருப்பார்கள். மெத்தை மேல் ரெக்சின் விரித்திருக்கும். நனைந்த சேலையை மாற்ற ஆள் வருவதற்குள் மத்தியானம் ஆகியிருக்கும். முதுகுக்குக் கீழே, வாலெலும்பு இருக்கிற இடத்தில், ஒரு புண் ஆரம்பித்திருக்கும். அது வெளியே தெரியாது, வாடை மட்டும் வரும். உன்னை வாசலிலேயே நிறுத்துவது அந்த வாடைதான்.

முதுமைக்கென்று அப்படி ஒரு வாடை கிடையாது. அசைய முடியாமல் படுத்திருக்கும் உடம்பை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பக்கம் மாற்றிப் படுக்க வைத்து, ஈரம் தங்காமல் துடைத்து, சன்னலைத் திறந்து வைத்தால் பெரும்பாலும் அந்தப் புண் வராது, வாடையும் வராது. இதற்கு ஆஸ்பத்திரி சாமான் எதுவும் வேண்டாம். ஒரு பழைய வேட்டியை நாலாக மடித்து, தோளிலிருந்து தொடை வரைக்கும் வருகிற மாதிரி உடம்புக்கு அடியில் விரிக்க வேண்டும். கட்டிலுக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். வேட்டியின் ஓரத்தைச் சுருட்டிப் பிடித்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒரே நேரத்தில் தூக்கித் திருப்பினால் ஐம்பது கிலோ உடம்பும் பூ மாதிரி திரும்பும். தோல் உராயாது, இடுப்பும் பிடித்துக்கொள்ளாது. தனியாக ஒரே ஆள் கையைப் பிடித்து இழுத்தால் அவர்களுக்கு வலிக்கும், நமக்கு நடு முதுகு போய்விடும். ஆனால் இதற்கு இரண்டு பேர் வேண்டும். நான் இன்றைக்குச் சொல்ல வந்ததெல்லாம் அந்த இரண்டாவது ஆளைப் பற்றித்தான்.

எங்கள் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்கிறேன். என் அப்பத்தாவுக்கு மூன்று மகன்கள். நடுவில் உள்ளவர் என் அப்பா. நிலத்தைப் பாகம் பிரித்த அன்றைக்கே அப்பத்தாவையும் பிரித்துவிட்டார்கள். ஆளுக்கு ஒரு மாசம். தை பிறப்பதும் ஆடி பிறப்பதும் அதில் கணக்கில்லை, இங்கிலீஷ் மாசம்தான். ஒன்றாம் தேதி காலையில் அப்பத்தா ஒரு மஞ்சள் பையோடு அடுத்த வீட்டு வாசலில் நிற்பாள். பைக்குள் இரண்டு சேலை, வெற்றிலை இடிக்கிற உரல், தாத்தா போட்டோ. சனவரியிலிருந்து எண்ணிப் பாருங்கள். மூத்தவர் வீட்டுக்கு வருஷத்தில் 123 நாள் வரும். எங்கள் வீட்டுக்கு பிப்ரவரி விழுந்ததால் 120 நாள். அந்த மூன்று நாளுக்காக ஒரு பொங்கலன்று பெரியப்பாவும் அப்பாவும் வாசலில் நின்று சண்டை போட்டார்கள். அப்பத்தா திண்ணையில் உட்கார்ந்து, மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு அப்போது பத்து வயசு. அந்த முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

'முறை வைத்துப் பார்க்கிறோம்' என்பார்கள் இதை. அந்த வார்த்தை நம் ஊரில் கண்மாயிலிருந்து வந்தது. தண்ணீர் குறைந்த வருஷத்தில் முறை வைத்துத்தான் பாய்ச்சுவார்கள். இன்றைக்கு உன் வயலுக்கு, நாளைக்கு என் வயலுக்கு என்று நீர்பாய்ச்சி என்கிற ஊர் ஆள் மடை திறந்துவிடுவார். வயல் இருந்த இடத்தில் இருக்கும், தண்ணீர்தான் முறைப்படி அதைத் தேடி வரும். வயலைப் பெயர்த்துக்கொண்டு போய் மடை மடையாக வைத்தவர் எவரும் இல்லை. பெரியவர்கள் விஷயத்தில் மட்டும் நாம் அதைத் தலைகீழாகச் செய்துவிட்டோம். நடக்க முடியாதவர் சுற்றி வருகிறார், நடக்க முடிந்தவர்கள் வீட்டில் உட்கார்ந்து தேதி பார்க்கிறோம். கண் மங்கியவருக்கு மாசத்துக்கொரு புதுக் கக்கூஸ், மாசத்துக்கொரு புதுப் படிக்கட்டு. இடுப்பு எலும்பு முறிந்து வார்டுக்கு வந்த எத்தனையோ பாட்டிமார் என்னிடம் சொன்னது, 'முந்தாநாள்தான் இந்த மகன் வீட்டுக்கு வந்தேன், இருட்டுல படி தெரியல.'

இனி ஆம்பளைப் பிள்ளைகளைப் பார்த்துச் சில வார்த்தை. 'கல்யாணம் ஆன பிறகு எங்க அம்மாவ நல்லா வச்சுப் பார்ப்பேன்' என்று உங்களில் பலர் எழுதியிருக்கிறீர்கள். அன்பாகத்தான் எழுதியிருக்கிறீர்கள், நான் நம்புகிறேன். ஆனால் அந்த வாக்கியத்தில் அம்மாவுக்குக் குளிக்க ஊற்றப்போவது யார்? மலம் போனால் துடைக்கப்போவது யார்? இன்னும் நீங்கள் பார்த்தே இராத ஒரு பெண்ணின் இரண்டு கையை எண்ணி அந்த வாக்கை நீங்கள் கொடுக்கிறீர்கள். 2024இல் இந்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், 15 முதல் 59 வயது வரையுள்ள பெண்களில் 41 சதவீதம் பேர் வீட்டில் உள்ளவர்களைப் பராமரிக்கும் வேலை செய்கிறார்கள், ஆண்களில் 21.4 சதவீதம் பேர்தான். அந்த வேலையைச் செய்கிறவர்களிலும் பெண்களுக்கு நாளுக்கு 140 நிமிஷம், ஆண்களுக்கு 74 நிமிஷம். குழந்தை வளர்ப்பும் இந்தக் கணக்கில் சேர்ந்திருக்கிறது. ஆனாலும் கட்டில் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று முப்பத்தோரு வருஷம் பார்த்த எனக்கு இந்த எண்கள் புதிதாகத் தெரியவில்லை. மகன் மருந்து வாங்க வெளியே நிற்பான், மருமகள் உள்ளே நிற்பாள். என் மாமியார் பக்கவாதத்தில் விழுந்தபோது சம்பளமில்லா விடுப்புப் போட்டது நான்தான். அவர் பெற்ற மகனின் வேலைக்கு ஒரு நாள்கூட இடைஞ்சல் வரவில்லை. நல்ல மனிதர். அவருக்கு அதைச் செய்யத் தெரியாது, யாரும் சொல்லிக்கொடுத்ததும் இல்லை.

தமிழ்நாட்டில் அறுபது வயதைத் தாண்டியவர்கள் 2021இல் நூற்றுக்கு 13.6 பேர், 2031இல் 18.2 பேராக இருப்பார்கள் என்று மத்திய அரசு அமைத்த மக்கள்தொகைக் குழு கணித்திருக்கிறது. இந்த விஷயத்தில் கேரளத்துக்கு அடுத்தபடி நாம்தான். உங்கள் தாத்தா காலத்தில் ஒரு வீட்டில் ஐந்தாறு பிள்ளைகள், உங்கள் வீட்டில் ஒன்றோ இரண்டோ. அந்த ஒருவரும் திருப்பூரிலோ சென்னையிலோ வளைகுடாவிலோ இருப்பார். இதில் யாருடைய குணமும் கெட்டுப்போகவில்லை. கைகள் குறைந்துபோயின.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. 2007இல் வந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம். பார்க்காத பிள்ளைகள் மேல் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம், மாதம் பத்தாயிரம் ரூபாய் வரை ஜீவனாம்சம் வாங்கலாம். பார்த்துக்கொள்வேன் என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதி வாங்கிக்கொண்டு கைவிட்டால் அந்தப் பத்திரத்தையே செல்லாது என்று அறிவிக்க வைக்கலாம். பலரைத் தெருவில் நிற்காமல் காப்பாற்றிய சட்டம் அது. ஆனால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனுவோடு உட்கார்ந்திருக்கும் பெரியவர்களோடு பேசிப் பாருங்கள். பெற்ற பிள்ளைக்கு நோட்டீஸ் போக வேண்டும் என்று நினைத்து வந்தவர்கள் குறைவு. 'அவனக் கூப்பிட்டு ஒரு வார்த்த சொல்லுங்க சாமி' என்பதற்குத்தான் வந்திருப்பார்கள். உத்தரவு போட்டுப் பணம் வாங்கிக் கொடுக்க முடியும். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து பக்கம் திருப்பிப் படுக்க வைக்க எந்த உத்தரவாலும் முடியாது.

பென்சனும் அப்படித்தான். 1962இல், காமராசர் முதலமைச்சராக இருந்தபோது, மாதம் 20 ரூபாயில் தொடங்கியது முதியோர் உதவித்தொகை. 2023இல் அது 1,200 ரூபாய் ஆனது. அதிலும் மத்திய அரசின் பங்கு, எண்பது வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு, 200 ரூபாய்தான். இது உயர வேண்டும் என்று நான் போகும் இடத்திலெல்லாம் சொல்கிறேன். இந்தப் பணம் கையில் இருக்கிற கிழவிக்கு வீட்டில் மரியாதையே வேறு, அதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஆனால் கை வேண்டும். அது எங்கிருந்து வரும்? ஓய்வு பெற்ற பிறகு மலப்புறம் பக்கம் ஒரு வீட்டுப் பராமரிப்புக் குழுவோடு நான்கு நாள் போய்வந்தேன். 1993இல் கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் சேர்ந்து வலி தணிப்புச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். ஆஸ்பத்திரிக்கு வர முடிந்தவர்களை மட்டும் பார்த்தால் போதாது என்று அவர்களுக்குச் சீக்கிரமே தெரிந்துவிட்டது. 1999இல் மலப்புறத்தில் ஊர்க்காரர்களே பராமரிப்பை எடுத்து நடத்தும் அமைப்பு உருவானது. அதில் சேருகிறவர்களிடம் கேட்டது வாரத்துக்கு இரண்டு மணி நேரம். அதற்குப் பதினாறு மணி நேர வகுப்பு, பிறகு நான்கு நாள் குழுவோடு வீடு வீடாகப் போய்ப் பார்த்துக் கற்றுக்கொள்வது. கடைக்காரர், ஆட்டோ ஓட்டுகிறவர், வாத்தியார், கல்லூரிப் பிள்ளைகள் என்று எல்லோரும் வந்தார்கள். கடைகளில் உண்டியல் வைத்துச் சில்லறை சேர்த்தார்கள். 2008இல் கேரள அரசு இதற்கென்றே ஒரு கொள்கை வகுத்தது, உள்ளாட்சிகள் நர்சுகளை அமர்த்தின. ஊர் முதலில் வந்தது, அரசு பின்னால் சேர்ந்தது.

நான் போன ஜீப்பில் ஒரு நர்ஸ், ஒரு மளிகைக் கடைக்காரர், உங்கள் வயசில் இரண்டு பையன்கள். ஒரு வீட்டில் முதுகெலும்பு அடிபட்டுப் படுத்த பெரியவர். நர்ஸ் டியூப் மாற்றினார். ஒரு பையன் பெரியவருக்கு நகம் வெட்டிவிட்டுப் பேப்பரை எடுத்து வாசித்தான். இன்னொருவன் நேராக அடுக்களைக்குப் போய்விட்டான். தண்ணீர் கேட்கத்தான் போகிறான் என்று நினைத்தேன். பத்து நிமிஷமாகியும் வரவில்லை. எட்டிப் பார்த்தால், அந்த வீட்டம்மா பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவர் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தான். அவர் அழுதுகொண்டிருந்தார். திரும்பி வரும்போது கேட்டேன். படுத்திருப்பவரைப் பார்க்க நாலு பேர் வருவார்கள், பார்த்துக்கொள்பவரைப் பார்க்க ஆள் இல்லை, அதனால் ஒருவர் கட்டாயம் அடுக்களைக்குப் போக வேண்டும் என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்றான். என் நர்சிங் படிப்பில் எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்காத பாடம் அது.

நம் ஊரிலும் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியது. பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது, படுத்தவர்களுக்கு நோய் தணிப்புப் பராமரிப்பும் பிசியோதெரபியும் வீட்டிலேயே கிடைக்கிறது. என்னோடு வேலை பார்த்த பெண்கள் சிலர் அதில் இருக்கிறார்கள், உயிரைக் கொடுத்து வேலை செய்கிறார்கள். ஆனால் ஒரு தடவை அவர்கள் வந்து போனதற்கும் அடுத்த தடவை வருவதற்கும் இடையில் எத்தனை இரண்டு மணி நேரங்கள்! அந்த இடைவெளியில்தான் ஒரு பெண் தனியாக நிற்கிறாள்.

அப்படித் தனியாக நிற்பது எங்கே கொண்டுபோய் விடும் என்று நம் தென் மாவட்டத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தலைக்கூத்தல் என்ற சொல்லை நீங்கள் கேட்டிருப்பீர்கள், படுத்துவிட்ட பெரியவர்களை வீட்டாரே சாகடிப்பது. பிரியா கிருஷ்ணசாமி எடுத்த 'பாரம்' என்ற படம் அதைப் பற்றியதுதான், 2018ஆம் ஆண்டின் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது வாங்கியது. அது கொலை. அதற்கு வேறு பேர் கிடையாது. அதைச் செய்தவர்களை நான் மன்னிக்கவும் மாட்டேன். ஆனாலும் அப்படி ஒரு வீட்டுக்கு அதற்கு முந்தின ஆறு மாசத்தில் தெருவிலிருந்து எத்தனை பேர் உள்ளே போய் வந்திருப்பார்கள் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. ஆனால் அதே வீட்டுச் சாவுக்குத் தெருவே வந்தது. பந்தல் போட, சங்கு ஊத, நீர்மாலை எடுக்க, தேர் கட்ட என்று ஆளுக்கொரு வேலையை யாரும் சொல்லாமலே எடுத்துச் செய்தார்கள். செத்த உடம்பைத் தூக்க நாலு பேர் வருவது நம் ஊரில் எழுதாத சட்டம். உயிருள்ள உடம்பைத் திருப்பிப் படுக்க வைக்க ஒரு ஆள் வருவதை நாம் இன்னும் வழக்கமாக்கவில்லை.

சீட்டுகளில் ஒன்று கொஞ்சம் கோபமாக இருந்தது. 'எங்களுக்கு வேலை இல்லை, கல்விக்கடன் இருக்கிறது, இதில் இதையும் எங்கள் தலையில் கட்டாதீர்கள். நாங்கள் பார்த்தால் நாளைக்கு எங்களை யார் பார்ப்பார்கள்?' நியாயமான கோபம். முதல் பாதிக்குப் பதில் சொல்கிறேன். இதை உங்கள் தலையில் மட்டும் கட்ட நான் வரவில்லை. ஜப்பானில் 2000 ஏப்ரல் முதல் முதியோர் பராமரிப்புக்கென்றே ஒரு காப்பீடு இருக்கிறது. நாற்பது வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் அதற்குச் சந்தா கட்டுகிறார்கள், அதோடு அரசும் வரிப்பணத்திலிருந்து போடுகிறது. குளிப்பாட்ட வரும் ஆளுக்குச் சம்பளம் அதிலிருந்து போகிறது. பராமரிப்பு சம்பளத்துக்குரிய, படித்துச் செய்யும் வேலை என்று அங்கே முடிவு செய்துவிட்டார்கள். இங்கேயும் அரசு அப்படி ஒன்றைச் செய்ய வேண்டும், செய்தால் உங்களில் பலருக்கு அது வேலையும்கூட. மாணவர்களின் இலவச உழைப்பைக் காட்டி அரசு தன் கடமையிலிருந்து நழுவினால் நானே மனு எடுத்துக்கொண்டு வருவேன். அந்த ஜப்பானிலேயே ஓமுத்தா என்று ஓர் ஊர். நிலக்கரிச் சுரங்க ஊர், 1997இல் சுரங்கம் மூடிய பின் பெரியவர்கள் மிகுந்த ஊராகிவிட்டது. மறதி நோயால் வழி தவறிப்போகிறவர்களை எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படிப் பேச்சுக் கொடுப்பது என்று ஊரே தெருவில் இறங்கி ஒத்திகை பார்க்கிறது. பள்ளிப் பிள்ளைகளுக்குப் படக்கதை வைத்து இதைப் பாடமாகவே நடத்துகிறார்கள். காப்பீடு இருந்தும் அவர்களுக்கு அக்கம்பக்கத்து ஆள் தேவைப்படுகிறது.

இரண்டாவது பாதி, எங்களை யார் பார்ப்பார்கள் என்பது. நீங்கள் மொய்க் கணக்கு போடுகிறீர்கள். மொய்யில் எழுதியவருக்கே திரும்ப வரும், நோட்டில் பேர் இருக்கும். பராமரிப்பு அப்படி வருவதில்லை. உனக்குச் சோறு ஊட்டியவருக்கு நீ ஊட்டக் கொடுத்துவைக்காமல் போகலாம். நீ யாரைத் தூக்கிவிட்டாயோ அவர் உன்னைத் தூக்க உயிரோடு இருக்க மாட்டார். கண்மாயைச் செப்பனிடும் குடிமராமத்துக்கு வீட்டுக்கு ஒரு ஆள் மண்வெட்டியோடு போனார்களே, அவர்கள் போட்ட கரையில் நின்ற தண்ணீரை யார் யாரோ குடித்தார்கள். அந்தக் கரையை உடைய விட்ட ஊர்களில் என்ன ஆனது என்று சிவகங்கைச் சீமையில் பிறந்த உங்களுக்குத் தெரியும்.

நான் கேட்பது சின்ன விஷயம். உங்கள் தெருவில் படுக்கையில் இருப்பவர் எத்தனை பேர் என்று முதலில் எண்ணுங்கள். வாரத்துக்கு இரண்டு மணி நேரம், எப்போதும் இரண்டு பேராகப் போங்கள். பெண்கள் படுத்திருக்கும் வீட்டுக்கு ஒரு பெண்பிள்ளை கட்டாயம் இருக்க வேண்டும். வீட்டார் அனுமதி இல்லாமல் எதையும் தொடக் கூடாது. புண்ணுக்கு மருந்து போடுவது, டியூப் மாற்றுவது நர்ஸ் வேலை, அதில் கை வைக்கக் கூடாது. போட்டோ எடுக்கக் கூடாது, ஸ்டேட்டஸ் வைக்கக் கூடாது. இதை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், ஒட்டுத்துணி இல்லாமல் கிடக்கிற உடம்பு அது. முதலில் ஒரு மாசம் பேச்சுத் துணையாக மட்டும் போங்கள். மருமகள் அந்த இரண்டு மணி நேரத்தில் தூங்கட்டும், இல்லையென்றால் கடைத்தெருவுக்குப் போய்விட்டு வரட்டும். யாருக்காவது ஆபத்தென்று பட்டால், அடிக்கிறார்கள், சோறு போடவில்லை என்று தெரிந்தால், நீங்களே சண்டைக்குப் போகாமல் 14567 என்ற முதியோர் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள்.

உங்கள் பேராசிரியர் மேசையில் ஒரு நோட்டு இருக்கிறது. பேரும் தெருப் பேரும் எழுதிவிட்டுப் போங்கள். வருகிற சனிக்கிழமை காலை பத்து மணிக்கு இதே கூடத்தில் இரண்டு கட்டில் போடச் சொல்லியிருக்கிறேன். பக்கம் திருப்புவது, உட்கார வைப்பது, புரையேறாமல் ஊட்டுவது, மூன்றையும் செய்து காட்டுகிறேன், நீங்களும் ஒருவர் மாற்றி ஒருவர் கட்டிலில் படுத்துச் செய்து பார்க்க வேண்டும். படுத்துப் பார்த்தால்தான் தெரியும், விட்டத்தைப் பார்த்துக்கொண்டே கிடப்பது எப்படி இருக்கும் என்று. ஆளுக்கொரு பழைய வேட்டி கொண்டு வாருங்கள்.

அந்தச் சீட்டை எழுதிய பிள்ளைக்கு இன்னொரு வேலை. சனிக்கிழமை வரைக்கும் காத்திருக்க வேண்டாம். இன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் அப்பத்தா ரூம் சன்னலைத் திறந்துவிடு. அம்மா வேண்டாம் என்றால், நர்ஸம்மா சொன்னாங்க என்று சொல்.